திரும்பி நின்ற கேள்விக்குறி

அந்த ஆள் வகுப்பில் சேர்ந்தது மூன்றாவது வாரத்தில். அதற்குள் மாலைநேர அச்சுக்கலை வகுப்பில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டிருந்தார்கள். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்காவும் தங்கையும், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், டீச்சரின் வீட்டிலேயே இருக்கும் அவள் நாத்தனார், இன்னும் சிலர். பகலெல்லாம் வேறு பிழைப்பைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கையை மையாக்கிக்கொள்ள வருகிறவர்கள். படம் வரையத் தெரிந்தவர்கள் அதில் குறைவு.

அச்சு என்பது நாலே வகைதான் என்று டீச்சர் அவர்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள். மேட்டில் மை தடவி எடுப்பது ஒன்று. மரத்திலோ, தரைவிரிப்பாகப் போடும் லினோலியத்திலோ செதுக்குவது அந்த வகை. பள்ளத்தில் மையைத் தேக்கி எடுப்பது இன்னொன்று. அதற்குச் செம்புத் தகடும் அமிலமும் வேண்டும். மேடும் பள்ளமும் இல்லாத வழவழப்பான கல்லில், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்தே எடுப்பது மூன்றாவது. துணித் திரையின் கண்கள் வழியாக மையைத் தள்ளுவது நாலாவது.

"திரையை விட்டா மத்த மூணுலயும் எல்லாமே கண்ணாடியில தெரியற மாதிரிதான்," என்றாள். "வலது இடதாகும், இடது வலதாகும். எழுத்து போடப்போறீங்கன்னா டிரேசிங் தாள்ல எழுதி, தாளைத் திருப்பிப் போட்டு, அதைப் பாத்துச் செதுக்குங்க. கை பாட்டுக்கு எழுதிட்டீங்கன்னா மாட்டிக்குவீங்க."

மூன்றாவது வாரம் வகுப்புக்கு முன்னால் கல்லூரி முதல்வர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல்வரின் நாற்காலிக்கு எதிரே இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். விசாரணைப் பிரிவு என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். மறைக்க ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

மேசை மேல் ஒரு சுவரொட்டி கிடந்தது. சுவரிலிருந்து தண்ணீர் தெளித்துப் பக்குவமாக உரித்து எடுத்திருந்தார்கள். ஒரு மூடிய கதவு, கதவுக்கு அடியில் இடைவெளி வழியாக வெளியே நீண்டிருக்கும் விரல்கள். கீழே பெரிய எழுத்தில் 'கதவைப் பூட்டியது யார்'. அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றது.

எந்தக் கதவு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். துணிக் கிடங்கு தீப்பிடித்தபோது வெளியே பூட்டியிருந்த கதவு அது. உள்ளே பெண்கள் இருந்தார்கள். மின்கசிவு என்று செய்தி வந்தது. பூட்டைப் பற்றி எதிலும் வரவில்லை. கிடங்கின் சொந்தக்காரர் யாருக்கு வேண்டப்பட்டவர் என்பதை ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அடுத்த மாதமே இந்தச் சுவரொட்டி ஊரின் பாதிச் சுவர்களில் வந்துவிட்டது.

கேள்விக்குறி திரும்பியிருப்பதைப் பற்றி முதல்வரிடம் கேட்டேன், இது கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்கள் செய்யும் தப்பு என்றார், அதனால்தான் இங்கே வந்தேன் என்று அதிகாரி விளக்கினார். முதல்வர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தக் கலையப் பத்தி ஒண்ணுமே தெரியாது மேடம். அ, ஆவன்னாவுல இருந்து சொல்லிக் குடுங்க. நானும் எல்லாரோடயும் உக்காந்து செதுக்கறேன்."

டீச்சர் சரி என்று தலையாட்டினாள். அவள் கண் சுவரொட்டியின் கறுப்பை விட்டு நகரவில்லை. கதவைச் சுற்றிச் செதுக்கி எடுத்த வெள்ளையில் அங்கங்கே உளித்தடம் விழுந்திருந்தது. அது எல்லோருக்கும் விழும். ஆனால் இதில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் முடி ஒட்டிக்கொண்டது போல ஒரு மெல்லிய கோடு ஓடியது. அவளுடைய அகல உளி ஒன்று கழுவும்போது கைதவறிச் சிமெண்ட் தரையில் விழுந்து, முனையில் மயிரிழை அளவுக்குப் பல் உடைந்திருந்தது. அந்த உளியால் எதைத் தள்ளினாலும் பள்ளத்தின் நடுவே ஒரு சின்ன முகடு நிற்கும், அதில் மை ஏறும். தீட்ட வேண்டும், தீட்ட வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அது இருப்பது அவள் வீட்டில், சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில்.

அன்றைக்கு வகுப்பில் அவள் வேறு உளியை எடுத்துத்தான் செய்து காட்டினாள். புதியவர் கடைசி மேசையில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த மேலங்கியைக் கட்டிக்கொண்டு, அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தார். தன் மகளின் பள்ளிக்கூட ஷூவைச் செதுக்கப் போகிறாராம். வகுப்பு முடிந்து எல்லோரும் கை கழுவும்போது, "மாப்பிள்ளை மாதிரி வந்திருக்காரே, பொண்ணு யாருன்னுதான் தெரியல," என்றார் பல்செட்காரர். சிரித்தார்கள். அன்றிலிருந்து அதிகாரிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் நின்றுவிட்டது. நாத்தனார் சிரிக்கவில்லை. நகக்கண்ணில் ஏறிய மையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் டீச்சரின் கணவர் இல்லை. நீரேற்று நிலையத்தில் அவருக்கு மாலை ஷிப்ட். டீச்சர் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கீழ்த்தட்டைத் திறந்து உளிச் சுருளை எடுத்தாள். அகல உளியின் வாயில் பச்சை லினோலியத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் வாங்குவது எப்போதும் பழுப்பு நிறம்தான்.

நாத்தனார் கதவோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மழுப்பவில்லை. அந்தக் கிடங்கில் அவள் முன்பு மடித்துக் கட்டும் வேலை பார்த்தவள். அப்போதே சாயங்காலமானால் வெளியே பூட்டிவிடுவார்களாம், யாரும் துணியை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று. அவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்த பெண் தீயில் போய்விட்டாள். படத்தையும் எழுத்தையும் டீச்சர் சொன்ன மாதிரியே தாளைத் திருப்பிப் போட்டுத்தான் செதுக்கினாள். எல்லாம் முடிந்த பிறகு, கேள்விக்குறி இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே என்று கடைசியில் கையாலேயே ஒன்று போட்டாள்.

"ஒட்டினது யாரு?"

"அது வேணாம் அண்ணி. உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது."

"லினோலியம் ஒட்டின கட்டைய எங்க வெச்சிருக்க?"

பீரோவுக்குப் பின்னால் என்றாள். எரித்துவிடச் சொன்னாள் டீச்சர். நாத்தனார் மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். டீச்சர் உளியைத் தீட்டுக்கல்லில் வைத்து, உடைந்த பல் மறையும் வரை தேய்த்தாள். சமையலறை முழுக்க இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை அடித்தது. கணவர் வந்ததும் என்ன வாடை என்று கேட்டார். கத்தி தீட்டினேன் என்றாள்.

மாப்பிள்ளை ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. சந்தேகம் கேட்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்குவார். மரமா லினோலியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். மரம் என்றால் ரேகை விழும் என்றாள். இந்தச் சுவரொட்டியைத் திரையில் எடுத்திருக்க முடியாதா என்று கேட்டார். டீச்சருக்கு ஒரு கணம் ஆசை வந்தது. முடியும் என்று சொல்லிவிடலாம். ஆனால் தெருமுனையில் பைகளுக்கு அச்சடிக்கும் கடை ஒன்று இருக்கிறது, அங்கே இருப்பது திரைதான்; பழி அவர்கள் மேல் போகும். முடியாது என்று உண்மையைச் சொன்னாள். அவர் நன்றி சொல்லித் தலையாட்டிக்கொண்டார். ஒவ்வொரு பதிலிலும் ஒரு கதவு சாத்தப்படுவதும், மிச்சம் இருக்கும் வழி தன் வீட்டுக்கு வருவதும் அவளுக்குத் தெரிந்தது.

அவர் கைக்கு வேலை நன்றாகவே படிந்துவிட்டது. ஷூவின் கயிறு, அதன் கண்கள், தேய்ந்த குதிகால் எல்லாம் அழகாக விழுந்திருந்தன. அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பிறகு எல்லோரிடமும் அவரவர் அச்சில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள என்று. யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று கிளம்பும்போது டீச்சரிடம் ஒரு யோசனை சொன்னார்.

"அடுத்த வகுப்புல எழுத்து வெச்சு ஒரு பயிற்சி குடுக்கலாமே மேடம். சின்னதாப் போதும். 'ஏன்'னு ஒரு வார்த்தை. பக்கத்துல ஒரு கேள்விக்குறி."

எழுத்து கடினம், அதற்கு இன்னும் சில வாரம் போக வேண்டும் என்றாள் டீச்சர்.

"எனக்கு அவ்வளவு நாள் இல்ல மேடம்," என்றார். மேலங்கியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வகுப்புவரை டீச்சரும் நாத்தனாரும் பகலில் சமையலறை மேசையில் உட்கார்ந்து பழகினார்கள். கேள்விக்குறியைத் திருப்பி வரைவது, திருப்பிச் செதுக்குவது, உளியை வழக்கத்துக்கு மாறாக நிமிர்த்திப் பிடிப்பது, வளைவைச் சுவரொட்டியில் இருந்ததைவிடக் குண்டாக வைப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் சரியாக வரும் என்கிற அளவுக்கு ஆனது. செதுக்கிய துண்டுகளை டீச்சர் கையோடு பொடியாக்கிக் குப்பையில் போட்டாள். ஒருமுறை நாத்தனார், "டீச்சர்கிட்டத் தனியா டியூஷன் எடுக்கறேன், ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

பயிற்சி நாளன்று கூடத்தில் பேச்சே இல்லை. உளி லினோலியத்தில் வழுக்கும் சத்தம், கணக்கு வாத்தியாரின் இருமல், குழாய் சொட்டுவது. டீச்சர் மேசை மேசையாகப் போனாள். நாத்தனாருடையது சரியாக இருந்தது. அக்கா தங்கை இருவருடையதும் சரி. பல்செட்காரர் டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுத்தான் தொடங்கியிருந்தார். ஆனால் தாளின் ஓரத்தில் கை வியர்வை பட்டுக் கேள்விக்குறி அழிந்துபோயிருந்தது. அதை அவர் தன் பாட்டுக்குக் கையாலேயே லினோலியத்தில் வரைந்திருந்தார். சாதாரணமாக எழுதுவது போல. பாதி வளைவு செதுக்கியாகிவிட்டது.

டீச்சர் குனிந்தாள். "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல வாய் திறந்தாள். இன்னும் நேரம் இருந்தது. அந்தத் துண்டை வாங்கி மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்திருக்கலாம். கைதவறிய மாதிரி மையைக் கொட்டியிருக்கலாம். மாப்பிள்ளை கடைசி மேசையில் தலை குனிந்து செதுக்கிக்கொண்டிருந்தார். அப்போது அவளுக்குள் ஒரு நினைப்பு வந்தது: யாராவது ஒருவர் தப்பாகச் செதுக்கிவிட்டால் தேடுவது அதோடு நின்றுவிடும்.

வாயை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அச்சுகளை எடுத்துக் கொடியில் மாட்டினார்கள். பல்செட்காரர் தன்னுடையதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் ஊரைக் கேள்வி கேக்கறாங்க, என் கேள்விக்குறி திரும்பி நின்னு என்னையே கேக்குது," என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை அந்தத் தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்து, மை காயட்டும் என்று இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வெளியே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பல்செட்காரர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவர்களோடு போனார். அவரை அழைத்துப் போக ஸ்கூட்டரில் வந்து காத்திருந்த மனைவி, தன் கணவர் காரில் ஏறுவதைப் பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் டீச்சரின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"அவர் ராத்திரி வீட்டுக்கு வரல டீச்சர். கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. அப்படி என்னதான் தப்பாச் செதுக்கிட்டாரு? நீங்க பாத்துத் திருத்தக் கூடாதா?"

அந்தப் பெண் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனாள். டீச்சர் திரும்பியபோது நாத்தனார் ஈரத் தலையோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் டீச்சரின் கணவர். சுவரொட்டி விஷயம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் வாசல் கதவைத் தாழ் போட்டார். யாரும் எங்கேயும் போக வேண்டாம், பல்செட்காரர் மேல் ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்றார்.

"செய்யாத தப்புக்கு அவர் ஏன் ரெண்டு நாள் அங்க இருக்கணும், அண்ணா?"

"குட்டி, நீ உள்ள போனா அவ்வளவு சீக்கிரம் வெளிய வர மாட்ட."

"தெரியும்," என்றாள். பீரோவை ஓரமாக நகர்த்தப் பார்த்தாள். தனியாக நகர்த்த முடியவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார்.

டீச்சரும் நாத்தனாரும் போனார்கள். விசாரணைப் பிரிவு இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், தண்ணீர்த் தொட்டி, அதில் சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளர். சுவரில் நாற்காலி உயரத்துக்குத் தலைகள் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை ஒரு பட்டையாக ஓடியது. மதியம் வரை உட்கார வைத்தார்கள். கட்டையைப் பழைய துண்டில் சுற்றி நாத்தனார் மடியில் வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை அவர்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. துண்டைப் பிரித்துக் கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். உளித்தடங்களின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். நல்ல வேலையைப் பார்க்கிற மாணவனின் முகம்தான் அப்போது அவருக்கு.

"உளி என்னோடது," என்றாள் டீச்சர். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும் மேடம். கொடியில நீங்க முன்னாடி மாதிரிக்கு எடுத்த படம் ஒண்ணு தொங்கிட்டு இருந்தது. அதுலயும் முடி மாதிரி இதே கோடு ஓடியிருந்தது." கட்டையை மேசையில் வைத்தார். "ஆனா கேள்விக்குறியை நீங்க தப்பாப் போட மாட்டீங்க. அப்ப உங்க கிட்ட இருக்கற யாரோ ஒருத்தர். வீட்டுல வந்து தேடியிருந்தா இது கிடைச்சிருக்குமா? இப்ப நீங்களே தூக்கிட்டு வந்து குடுத்துட்டீங்க."

அப்படியானால் பல்செட்காரரை ஏன் பிடித்தீர்கள் என்று நாத்தனார் கேட்டாள்.

"யாராவது ஒருத்தர் தப்பு பண்ணுவாங்கன்னு தெரியும். யாருங்கறது எனக்கு முக்கியம் இல்ல." டீச்சரின் பக்கம் திரும்பினார். "நீங்க அவரைத் திருத்துவீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன். அவர் மேசைகிட்டக் குனிஞ்சீங்க. பாத்தீங்க. நிமிர்ந்து போயிட்டீங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு, நீங்க யாரையோ காப்பாத்தறீங்கன்னு."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் டீச்சரால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

"எனக்காகவா அண்ணி?"

ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நொடியில் அவள் நினைத்தது நாத்தனாரை மட்டும் அல்ல. தன் வேலை, தன் வீடு, தன் உளி எல்லாம் அதில் இருந்தன. பதில் வருவதற்குள் ஒரு பெண் காவலர் வந்து நாத்தனாரின் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டீச்சர் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. கல்லூரியிலும் அவளை நீக்கவில்லை; நல்ல டீச்சர், விட்டுவிடாதீர்கள் என்று மாப்பிள்ளையே முதல்வரிடம் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. கழுத்தில் கயிற்றைப் போட்டு நீளமாக விட்டுவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

பல்செட்காரரை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. படியில் விழுந்துவிட்டேன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னார். விரல்கள் பழையபடி மடங்கவில்லை. பல்செட் வேலை விரலில் இருக்கிற வேலை; அதை விட்டுவிட்டு மனைவியின் அண்ணன் கடையில் உட்கார ஆரம்பித்தார். டீச்சர் ஒருமுறை பழங்கள் வாங்கிக்கொண்டு போனாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டார், வகுப்பில் இப்போது என்ன நடக்கிறது என்று விசாரித்தார். மனைவி உள்ளேயிருந்து வரவே இல்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பொது அமைதிக்குப் பங்கம் என்று நாத்தனாருக்கு ஒரு வருடச் சிறை கொடுத்தார்கள். அவளோடு ஒட்டியவர்கள் யார் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. கிடங்குச் சொந்தக்காரர் ஊருக்கு வெளியே இன்னொரு கிடங்கு கட்டினார். டீச்சரின் கணவர் மனைவியோடு பேசுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் வரவில்லை, பால்காரன் வந்தான், இந்த அளவுக்குப் பேசினார். அன்று பல்செட்காரரின் மேசை அருகே நடந்தது அவருக்குத் தெரியுமா என்று டீச்சர் கேட்கவில்லை. தங்கையைப் பார்க்க மாதாமாதம் சிறைக்குப் போய் வருகிறவர் அவர்; அவள் சொல்லியிருக்கலாம்.

விடுதலையான அன்று அவர்தான் போய்த் தங்கையை அழைத்து வந்தார். அவள் இளைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு மதியம் வரை தூங்கினாள். எழுந்ததும் அலமாரியைத் திறந்து தன் துணிகளை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். சிறையில் கூட இருந்த ஒருத்தியின் அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, அங்கே போகப்போகிறேன் என்றாள்.

"என் மேல கோவமா?"

"கோவம் இல்ல அண்ணி. ஜன்னல்கிட்ட வாங்க."

டீச்சர் போய்ப் பார்த்தாள். தெருவின் கோடியில், மூடியிருந்த தையல் கடைக்கு முன்னால், ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓர் இளைஞன் உள்ளே உட்கார்ந்திருந்தான். முன்பு பார்த்த முகம் இல்லை. அவசரமே இல்லாதவன் போலக் கைபேசியைப் பார்ப்பதும் வீட்டைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"காலையில அண்ணன் ஆட்டோ பிடிச்சப்பவே பின்னால வந்துச்சு," என்றாள் நாத்தனார். "நான் இங்க இருந்தா அது இங்கயேதான் நிக்கும்."

"நீ போற இடத்துக்கும் வருமே."

"வரும்."

டீச்சர் ஜன்னலைச் சாத்தப் போனாள். சாத்தினால் பயந்துவிட்டார்கள் என்று நினைப்பான், திறந்தே இருக்கட்டும் என்றாள் நாத்தனார். பிறகு இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து துணிகளை மடிக்கத் தொடங்கினார்கள்.